வாடையே இல்லாத டின்

மினசோட்டாவின் வடக்கே, இரும்புச் சுரங்கத்தை நம்பியிருக்கும் எங்கள் ஊரில் லோர்னா நியெமியின் கோபம் பிரசித்தம். பள்ளிப் பேருந்து ஓட்டியவள். நவம்பரில் மான் வேட்டை தொடங்கிவிட்டால் முதல் ஆளாகக் காட்டில் நிற்பாள். வேட்டை முடிந்ததும் துப்பாக்கியைக் கழற்றிக் கரியைத் துடைத்து எண்ணெய் போடுவதில் அவளுக்குத் தனி சுகம். கொட்டகையில் உட்கார்ந்தால் குளிரில் விரல் மரத்துப்போய் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள் கைநழுவி ஓடும். அதனால் வீட்டுக்குள் சலவை அறையில்தான் அந்த வேலை.

கணவர் ஆர்விட் சுரங்கத்து ஆலையில் கல் தூசியைச் சுவாசித்தே ஓய்வு பெற்றவர். மாடிப்படி ஏறினாலே மூச்சு இளைக்கும். துப்பாக்கி கழுவும் மருந்தின் வாடை பக்கத்திலிருக்கும் எங்கள் வீடு வரை வரும். இவருக்கு ஆகாதோ என்று லோர்னா தானாகவே வேறு மருந்து தேடிப் போனாள்.

வேட்டைச் சாமான் கடை வைத்திருக்கும் டெல்மார் ஒரு டின்னை எடுத்து மேசையில் வைத்தான்.

"இதுல வாடையே கிடையாது, லோர்னா. ஜன்னலச் சாத்திட்டு நிம்மதியா கழுவு. ஆர்விட் பக்கத்துலயே உக்காந்து டிவி பாக்கலாம்."

அவனை நம்பினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னல், கதவு எல்லாம் சாத்தித் தட்டு நிறைய ஊற்றி, பாகங்களை ஊறவைத்தாள். ஆர்விட் நாற்காலியை உள்ளேயே இழுத்துப் போட்டுக்கொண்டு ரேடியோவில் ஹாக்கி கேட்டார். மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று அவளுக்குத் தலை சுற்றியது. திரும்பிப் பார்த்தால் ஆர்விட்டின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவரை அக்குளில் கைகொடுத்து இழுத்து, வாசல் பனியில் உட்காரவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னாள்: "வாடையத்தான் எடுத்திருக்காங்க, ஆவிய எடுக்கல. பழைய மருந்தா இருந்தா நாத்தம் தாங்காம நீங்களே ஜன்னலத் திறந்திருப்பீங்க."

ஆர்விட் கண் திறந்ததும் சிரிக்கப் பார்த்தார். "பழசுலயும் எனக்கு மூச்சு முட்டும். விறகு வெட்டுறேன்னு சொல்லிட்டு வெளியில போய் நிப்பேன்."

"ஏன் சொல்லல?"

"உனக்குப் பிடிச்ச வேலையாச்சே."

"சொல்லாம செத்துப்போயிருந்தா, அப்புறம் அது எனக்குப் பிடிக்குமாய்யா?" வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். நர்ஸ் வந்து அடக்கியும் அடங்கவில்லை. கடைசியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதது அவள் கோபத்தை இன்னும் கூட்டியது.

மறுநாள் டெல்மாரின் கடை. டின்னை மேசையில் ஓங்கி வைத்தாள்.

"என்ன லோர்னா, மான் தப்பிச்சிருச்சா?" என்று அவன் இளித்தான்.

"ஆர்விட் தப்பிச்சாரு. 'காத்தோட்டம் இருக்கணும்'னு டின்லயே போட்டிருக்கு. அதுமேலதான் உன் தள்ளுபடி ஸ்டிக்கர ஒட்டியிருக்கே. எல்லாத்தையும் உரி."

"இப்பவா? கடையில ஆளு நிக்குது..."

"நிக்கட்டும். அவங்களும் பாக்கட்டும்."

நானும் அந்த வரிசையில் நின்றிருந்தேன். அலமாரியிலிருந்த ஒவ்வொரு டின்னையும் எடுத்து, நகம் வலிக்க வலிக்க அவன் சுரண்டினான். முடியும்வரை அவள் அசையவில்லை.

இப்போது அவள் தண்ணீரில் கலக்கும் சோப்பு மாதிரியான திரவம் வாங்குகிறாள். கழுவியதும் துரு ஏறாமல் உலர்த்தி, உடனே எண்ணெய் தடவ வேண்டும், கூடுதல் வேலைதான். அதற்கும் வாடை குறைவுதான். ஆனாலும் ஜன்னலைத் திறந்து, காற்றை வெளியே தள்ளும்படி மின்விசிறியை வைக்கிறாள். குளிருக்குக் கோட்டு போட்டுக்கொண்டுதான் உட்காருகிறாள். ஆர்விட்டுக்கு அந்த அறைப் பக்கமே அனுமதி இல்லை. போன வாரம் காபி கொண்டுவந்து கதவைத் தட்டியிருக்கிறார்.

"அங்கயே வச்சிட்டுப் போ!" என்று அவள் போட்ட சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது.