கண்ணாடி அலுமாரிக்குப் போகாத முக்கால் இஞ்சிப் பெட்டி

"நீர்வளமும் நிலவளமும் ஒருங்கே பொருந்திய தீவகத்தின்கண்" என்று கட்டுரையைத் தொடங்கித் தரும்படி எங்கள் அண்ணையின் ஆண்டு நினைவு மலரைத் தயாரிக்கும் குழுவினர் கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாங்கள் பிறந்த புங்குடுதீவுக்கு நல்ல தண்ணீர் பவுசரில், தாங்கி லொறியில், வருகிறது. அந்தப் பவுசரின் சக்கரச் சில்லைக் கழற்றப் போய்த்தான் எங்கள் அண்ணை தோளை உடைத்துக்கொண்டார். இதில் நீர்வளம் என்று நான் எழுதினால், மாலை போட்ட படத்துக்குள் இருந்தபடியே அண்ணை முகத்தைச் சுளிப்பார்.

நான் அண்ணையின் ஒரே தங்கை. கடைசி வரைக்கும் அவரோடு ஒரே வளவில் இருந்தவள். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தேவாரப் பக்கத்துக்குப் போகலாம்.

எங்கள் ஐயா தென்னிலங்கை நகரொன்றில் இரும்புக் கடை வைத்திருந்தார். அண்ணை தவழ்ந்ததும் நடந்ததும் அந்தக் கடைக்குள்தான். ஆணிப் பெட்டிக்கும் சங்கிலிக் குவியலுக்கும் இடையில் அவரைத் தேடிப் பிடித்துச் சோறு தீத்தியதாக அம்மா சொல்லுவா. கலவரத்தில் கடை எரிந்தது. ஐயா உடுத்த வேட்டியோடு கப்பலில் வந்து இறங்கினார். அதற்குப் பிறகு அவர் ஒரு தொழிலும் செய்யவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அண்ணை யாழ்ப்பாணம் போய், ஒரு கராஜில் லொறிகளுக்கு அடியில் படுத்து வேலை பழகினார். அந்தச் சம்பளத்தில்தான் தம்பியும் நானும் படித்தோம். தம்பி கனடா போனதும் அதில்தான். இடம்பெயர்ந்து வன்னியில் கிடந்த காலத்திலும் ஊர் ஊராகப் போய் உழவு இயந்திரம் திருத்தி எங்களுக்குச் சோறு போட்டார். திரும்பி வந்த பின் சரவணையில், அம்மாவின் சீதனக் காணியில், தகரக் கொட்டில் ஒன்று போட்டு வேலை தொடங்கினார். திருமணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "நேரம் கிடைக்கேல்லை" என்பதே பதில். கணவரை இழந்து நான் அந்த வளவுக்கு வந்து சேர்ந்தபோது, ஒரு கேள்வியும் கேட்காமல் சமையல் குசினிக்குப் புதுக் கதவு போட்டுத் தந்தார்.

இந்த மலரின் வேறொரு பக்கத்தில் "புன்னகை மாறாத வதனம்" என்று எழுதியிருக்கிறார்கள். யாருடைய வதனமோ தெரியாது. அண்ணை சிரிப்பது அருமை. இரவலாகப் போன ஸ்பனர் சேறோடு திரும்பி வந்தால் அன்று முழுவதும் வீட்டில் பேச்சு இராது. ஒருவர் அவருடைய சொக்கற் கைப்பிடியை வாங்கிப் போய், அதாலேயே ஆணி அடித்துவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் பிறகு அந்த மனிதரை ஒழுங்கையில் கண்டால் அண்ணை மற்றப் பக்கம் திரும்பித் துப்புவார். அருவருப்பு அவருக்கு மறைக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது என்பதை இதை வாசிப்பவர்கள் இப்போது கண்டுகொண்டிருப்பீர்கள்.

சொக்கற் என்பது நட்டின் தலையில் கவிழ்கிற இரும்புக் கிண்ணம். அதன் முதுகில் சதுரமாக ஒரு துளை இருக்கும். கைப்பிடியின் நுனியிலுள்ள சதுரக் குமிழை அதற்குள் செருகித் திருப்ப வேண்டும். குமிழ் அரை இஞ்சி, அதாவது அரை அங்குலம், என்றால் கார், வான், மோட்டார் இயந்திரம் எல்லாவற்றுக்கும் போதும். லொறிக்கும் பவுசருக்கும் உழவு இயந்திரத்தின் பெரிய சில்லுக்கும் முக்கால் இஞ்சி வேண்டும். அண்ணையிடம் இருந்தது அரை இஞ்சி. முக்கால் இஞ்சி வாங்குவதா விடுவதா என்பதே வருடக்கணக்காக எங்கள் வீட்டில் நடந்த வழக்கு.

யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் கருவிகள் விற்கிற கடையொன்றில் ஏறுவோம். அண்ணை முக்கால் இஞ்சிச் சொக்கற்றுகள் அடுக்கிய பெரிய பெட்டியை இறக்கச் சொல்லுவார். திறப்பார். கைப்பிடியைத் தூக்கிப் பாரம் பார்ப்பார். குமிழின் விளிம்பை நகத்தால் தடவுவார். பிறகு மூடிவிட்டு வெளியே வந்துவிடுவார்.

"அண்ணை, நீங்கள் தூக்கித் தூக்கிப் பாத்தே உதைத் தேய்ச்சுப் போடுவியள்" என்றார் கடைக்காரர் ஒருமுறை.

பஸ்ஸில் நான் கேட்பேன். "வாங்குங்கோவன் அண்ணை. ஏன் உப்பிடி நிண்டு யோசிக்கிறியள்?"

"வருசத்தில ரெண்டு மூண்டு தரம் தேவைப்படுற சாமான் பிள்ளை. மிச்ச நாளெல்லாம் உப்புக் காத்தில கிடந்து கறள்தான் பிடிக்கும். அரை இஞ்சிக்கு ஒரு பைப்பைக் கொழுவினால் முக்கால்வாசி வேலை முடியும்."

"மிச்சக் கால்வாசி?"

"அதுக்குத்தான் யோசிக்கிறன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெரிய பெட்டி பாரம். தூக்கிக்கொண்டு சைக்கிளில் போக ஏலாது. சின்ன வேலைக்கு அது உதவாது. ஆனால் தேவைப்படுகிற அன்று அதற்குப் பதிலாக வேறு எதுவும் உதவாது. இரண்டையும் அண்ணை அறிந்திருந்தார். அறிந்துகொண்டே நாளைக் கடத்தினார். வாங்குங்கோ என்ற கட்சியில் நின்றவள் நான் ஒருத்திதான்.

வேலணையில் இருந்து புங்குடுதீவுக்குக் கடலுக்குள்ளால் போகிற வீதியில் ஒரு நாள் பவுசர் சில்லில் காற்றுப் போய் நின்றது. ஓட்டுநர் சிவம் வந்து அண்ணையைக் கூட்டிப் போனார். கடல்நீர் தெறித்துத் தெறித்துச் சில்லு நட்டுகள் எல்லாம் துருவேறிக் கறளால் ஒட்டிப்போயிருந்தன. அண்ணை வழமைபோல அரை இஞ்சிக் கைப்பிடியில் நீளக் குழாயைக் கொழுவி முழுப் பலத்தையும் கொடுத்து அமத்தினார். நட்டு அசையவில்லை. கைப்பிடியின் குமிழ் முறிந்தது. அண்ணை கரைக் கற்களில் தோள்பட விழுந்தார்.

எலும்பு பொருந்தியது. ஆனால் வலக்கை பிறகு காதுக்கு மேலே எழும்பவில்லை. தலை சீவி இழுக்க ஏலாது. காலையில் கொட்டிலுக்குப் போக முன்னர் கதிரையில் வந்து இருப்பார். நான் எண்ணெய் வைத்து இழுத்துவிடுவேன். பிறரிடம் ஒரு குவளை தண்ணீர்கூடக் கேட்காத மனிதர், தலையைக் குனிந்துகொண்டு இருப்பார். அப்படி இருந்த ஒரு காலையில்தான், "வாங்கத்தான் வேணும் பிள்ளை. நீர் சொன்னது சரி" என்றார். வழக்கில் நான் வென்றேன். அந்த வெற்றியை என்ன செய்வதென்று தெரியாமல் சீப்பைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

கை இப்படியான பின் கொட்டிலில் வேலை குறைந்திருந்தது. அதனால் வாழ்க்கையில் முதன்முறையாகத் தம்பியிடம் ஒன்று கேட்டார். தம்பி அதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டான். சீ! ஸ்பனர் பிடித்தறியாதவர்கள் எல்லாரும் அபிப்பிராயம் சொன்னார்கள். காற்றில் ஓடி நட்டுக் கழற்றுகிற துவக்குத்தான் நல்லது என்றார் ஒருவர். வாடகைக்கு எடுக்கலாமே என்றார் இன்னொருவர். லண்டனில் இருக்கும் மாமாவின் மகன், எங்கள் மச்சான், குரல் பதிவு போட்டார். "உந்தத் தீவில ஆர் இருக்கினம் உதுக்கு? கொஞ்ச ஆடும் நாலைஞ்சு கிழவியளும்தானே." அந்தக் கிழவிகளில் ஒருத்தி அண்ணைக்குப் பக்கத்தில் இருந்துதான் அதைக் கேட்டாள்.

பிறகு ஒருவாறு தம்பியும் மச்சானும் பாதிப் பாதி போட்டு வாங்குவதென்று முடிவானது. உடனே அடுத்த சண்டை தொடங்கியது. பெட்டியில் யாருடைய பெயரைப் பொறிப்பது? எங்கள் ஐயாவின் நினைவாக என்றான் தம்பி. பாதிப் பங்கு தன்னுடையதாகையால் தன் தாயாரின் பெயரும் வேண்டும் என்றார் மச்சான். யாருடைய பெயர் மேலே என்று மாதக்கணக்காக இழுபட்டது. எங்கள் ஊரில் உபயம் எழுதாத பொருள் இல்லை. கோயில் மணியில் எழுதுவோம், கதிரையின் முதுகில் எழுதுவோம், மின்விசிறியின் இறக்கையில்கூட எழுதுவோம். எழுதிய பின் அந்தப் பொருளைத் தொட விடமாட்டோம். வாசிகசாலைக்கு முன்பொரு முறை வந்த சங்கிலிக் கப்பி இன்றைக்கும் கண்ணாடி அலுமாரிக்குள் மாலையோடு இருக்கிறது. ஒரு இயந்திரத்தைத் தூக்க அண்ணை அதைக் கேட்டுப் போனபோது, தலைவர் மறுத்துவிட்டார். அண்ணை பனைமரக் குற்றிகளை அடுக்கி அந்த வேலையைச் செய்தார்.

ஆகவே அண்ணை என்னிடம் தொலைபேசியைத் தந்து எழுதச் சொன்னார். "பேர் எழுதாமல் அனுப்புங்கோ. ஏலாட்டில் அனுப்பாதேங்கோ." எழுதினேன். மறுமொழியாகக் கும்பிடுகிற கைகளின் படங்கள் வந்து குவிந்தன. பெட்டி வரவில்லை.

கொட்டிலில், தேத்தண்ணீர் குடித்துவிட்டு இருந்த ஒரு காலையில், "நெஞ்சை இறுக்குது பிள்ளை" என்றார் அண்ணை. சிவம்தான் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்தவர்கள் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். அண்ணை அன்றே கண்ணை மூடிவிட்டார். கடைசியாக அவருக்குத் தலை இழுத்துவிட்டதும் நான்தான்.

உயிரோடு இருந்தவருக்கு வராத பெட்டி செத்தவருக்கு ஓடி வந்தது. யாருடைய பெயர் என்ற சண்டை தீர்ந்துவிட்டதல்லவா. பெட்டியின் மூடியில் பித்தளைத் தகடு. அதில் அண்ணையின் பெயர், படம், விளக்கு, கீழே இரண்டு குடும்பத்தாரின் உபயம். பெயர் வேண்டாம் என்று சொன்ன மனிதரின் பெயரையே வெட்டித் திருகாணியால் பூட்டியிருந்தார்கள். நான் அழவில்லை, அண்ணையைப் போல மற்றப் பக்கம் திரும்பித் துப்பினேன்.

முப்பத்தோராம் நாள் கிரியையில் அந்தப் பெட்டியைப் படத்தின் முன்னால் படையலோடு வைத்தார்கள். அண்ணை ஆசைப்பட்ட சாமானாம். உறவுப் பெண் ஒருத்தி அதற்குச் சந்தனம் வைத்தா. வடையின் எண்ணெய் வழிந்து மூடியில் பட்டது. அந்தப் பெட்டி கண்ட முதல் எண்ணெய் அதுதான். வந்தவர்கள் வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். வாசிகசாலைத் தலைவர் என்னிடம் வந்தார்.

"அக்கா, இதுக்கும் ஒரு கண்ணாடி அலுமாரிக்குச் சொல்லியாச்சு. சங்கிலிக் கப்பிக்குப் பக்கத்தில வைப்பம்."

"பூட்டுத் திறப்பு ஆரிட்ட இருக்கும்?"

"என்னட்டத்தான்."

"அப்ப பவுசர் வழியில நிண்டால்?"

"அக்கா, நினைவுச் சாமானை எண்ணெய்க் கையோட தொடலாமே?"

கிரியைக்கு வந்திருந்த தம்பியும் அவர் பக்கம்தான். "நாலு சனம் பாக்க அண்ணைக்கு ஒரு அடையாளம் வேண்டாமே அக்கா" என்றான். அண்ணையின் அடையாளம் எழும்பாத தோள், அதை நீ பார்க்க வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவன் போய்க் கை கழுவினான். பெட்டியை நான் என் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தேன்.

அலுமாரி செய்து வருவதற்கு முன்னரே சிவம் வந்தார். பவுசர் அதே வீதியில், அதே கடலுக்கு நடுவில் நின்றது. அவர் கையில் ஒரு அரை இஞ்சிக் கைப்பிடியும் நீளக் குழாயும்.

"சிவம், அந்தக் குழாயை எறியும். நில்லும் வாறன்" என்றேன்.

அண்ணையின் திருப்புளியை எடுத்துப் பித்தளைத் தகட்டைக் கழற்றினேன். பெட்டியை இழுத்து வந்து கொடுத்தேன். வாங்கத் தயங்கினார். "தலைவர் பேசுவார் அக்கா" என்றார். "என்னைப் பேசட்டும்" என்றேன்.

பொழுதுபட முன்னர் திரும்பி வந்தார். எல்லாவற்றையும் துடைத்து அடுக்கியிருந்தார்.

"என்ன மாதிரி சிவம்?"

"ஒருக்கா டிக் எண்டுது அக்கா. கழண்டுட்டுது. ஒரு கைதான் பிடிச்சனான்."

நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அண்ணையின் பிரேதத்தின் முன்னால்கூட நான் அப்படி அழவில்லை. ஒரு கையால் முடிகிற வேலைக்கா அந்தத் தோள் போனது. வாங்கத் தகுமா தகாதா என்று அத்தனை வருடம் நடந்த வழக்குக்கு இவ்வளவுதான் தீர்ப்பு.

பித்தளைத் தகட்டை அண்ணையின் சேட்டுகளுக்குக் கீழே வைத்திருக்கிறேன். உபயகாரர்களுக்கு வேண்டுமானால் வந்து பெற்றுக்கொள்ளலாம். கண்ணாடி அலுமாரி வந்துவிட்டதாம், வெறுமையாக நிற்கிறதாம். இந்த மலரின் தாள் நன்றாக மினுங்குகிறது. அந்த அலுமாரிக்குள் இந்த மலரை வைத்துப் பூட்டலாம்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அண்ணையைத் தூக்கிப் போன சிவத்துக்கும், கடைசி நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரித் தாதிக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், சமைத்தவர்களுக்கும், இந்த ஆண்டு நிறைவில் வந்து எங்களோடு இருந்து சாப்பிடுகிற உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணைக்கு ஏதாவது செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பெட்டி சரவணையில் எங்கள் கொட்டிலில் இருக்கிறது. கொட்டிலுக்குப் பூட்டு இல்லை. தேவையானவர்கள் கேளாமலே எடுத்துப் போகலாம். வேலை முடிந்ததும் துடைத்துக் கொண்டுவந்து வையுங்கள்.