இடது தோளுக்கு ஒரு பிடங்கு

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் ஒக்லாந்தில், கிளென் ஈடனில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவருக்கு அங்கிருந்து மேற்கே ஓர் அப்பிள் தோட்டத்தில் வேலை. அந்தக் குளிர்காலத்தில் முயல்கள் இளம் மரங்களின் பட்டையைச் சுற்றிவரக் கடித்து, வரிசை வரிசையாகச் சாகடித்துக்கொண்டிருந்தன. தோட்டக்காரர், அதுதான் முதலாளி, தன்னிடமிருந்த கார்பைன் என்கிற குட்டைத் துவக்கைக் காட்டி, முயல் சுடுவாயா என்று இவரைக் கேட்டார். இவரும் ஓம் என்றுவிட்டார்.

வெளிநாடு வருமுன், ஊரில் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பின்போது ஆமிக்காரன் ஒருவன் துவக்குப் பிடங்கால் இவருடைய வலது தோளில் அடித்தான். காறை எலும்பு முறிந்து, கோணலாகவே பொருந்தியது. பிடங்கு என்பது சுடும்போது தோளில் அண்டக் கொடுக்கும் பின்பக்கக் கட்டை. அதே மாதிரிக் கட்டையை இவர் அதே தோளில் வைக்கப் போகிறாரா?

துவக்கு லைசென்ஸ் விஷயமாக ஒரு பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்தார். இவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "உங்களுக்குக் கணவரிடம் பயமா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மைதான். எனக்கு எதில் பயம் என்பதைச் சொல்ல ஆங்கிலம் வரவில்லை. சொன்னால் விசாவுக்கு ஏதும் வந்துவிடுமோ என்றும் இருந்தது.

தோட்டக்காரர் நெடிய மனிதர். அவருடைய துவக்கின் பிடங்கு இவருக்கு நீளம். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பிடங்கு ஒன்றைப் பார்த்து வாங்கும்படி அவரே சொல்லியனுப்பினார். ஒரு சனிக்கிழமை காலை துவக்குக் கடைக்குப் போனோம். எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் இவரைத் தனியே விட மனம் வரவில்லை.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது மடித்து விரிக்கிற இரும்புப் பிடங்கு. அவர் விரித்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். இவருடைய முகம் வெளிறிப்போயிற்று.

"இஞ்சருங்கோ, வேண்டாம். வாங்கோ, வீட்டை போவம்," என்றேன்.

"பொறும். ஒண்டுமில்லை." ஆனால் கைகள் இரண்டையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அடுத்தது பிளாஸ்டிக், இழுத்தால் நீளும். பின்விளிம்பு மெல்லிசு, தோளில் இடிக்கும் என்று கடைக்காரரே அதைத் தள்ளி வைத்தார். மூன்றாவது மரம். பின்னால் தடித்த ரப்பர். இடையில் தகடுகளைச் சேர்த்தும் கழற்றியும் நீளத்தை மாற்றலாம்.

"வலது தோள்தானே?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்லை, இடது," என்றார் இவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். இவர் எல்லாவற்றையும் வலது கையால் செய்கிறவர்.

"தோட்டத்திலை கூட்டுற தும்புத்தடியைத் துவக்கு மாதிரி வைச்சு இடப்பக்கம் பழகினனான்," என்றார் என்னிடம் மெதுவாக. "சொன்னா நீர் இன்னும் யோசிப்பீர்."

வலது தோளுக்கு என்ன என்று கடைக்காரர் விசாரித்தார். விழுந்துவிட்டேன் என்றார் இவர். எனக்குப் பொறுக்கவில்லை. தெரிந்த ஆங்கிலத்தில், இவர் விழவில்லை, ஒரு ஆமிக்காரன் அடித்தான், இதால்தான் அடித்தான் என்று மேசையில் கிடந்த இரும்புப் பிடங்கைத் தொட்டுக் காட்டினேன்.

கடைக்காரர் இரும்புப் பிடங்கை மடித்து மேசைக்குக் கீழே வைத்தார். பிறகு இவருடைய இடது முழங்கையை மடக்கச் சொல்லி, முழங்கை மடிப்பிலிருந்து விசை இழுக்கும் விரல்வரை அளந்தார். மரப் பிடங்கை ஒரு துவக்கில் பூட்டி, தகடுகளைக் கழற்றிக் கழற்றித் தோளில் வைத்துப் பார்த்தார்.

"கண்ணை மூடிக்கொண்டு தோளுக்கு எடுங்கள். திறக்கும்போது குறி நேரே தெரிந்தால் அதுதான் உங்கள் அளவு."

இவர் கண்களை மூடினார். நெற்றியில் வியர்வை. மூடிய கண்ணுக்குள் எதைப் பார்க்கிறாரோ என்று நான் யோசித்தேன்.

"தெரியுது," என்றார்.

அடுத்த வாரம், வாங்கிவந்த பிடங்கைத் தோட்டக்காரரின் துவக்கில் பூட்டி முதல் வேட்டு. தோட்டத்து மண்மேட்டில் ஒரு வெறும் தகரப் பேணியைக் குறியாக வைத்தார்கள். நான் தோட்டக்காரரின் வான் வண்டிக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். வெடித்ததும் ஈரப் புல்லில் குந்திவிட்டேன். இவர் துவக்கைத் தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தார்.

"நோகேல்லை," என்று சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். ஒரு சிவப்புக்கூட இல்லை. ஆனாலும் நான் அமத்திப் பார்த்தேன்.

இரண்டு குளிர்காலம் முயல் சுட்டார். துவக்கு எப்போதும் தோட்டக்காரரின் பூட்டிய அலுமாரியிலேயே இருந்தது. சுடப்போகும் நாட்களில், வான் வாசலில் வந்து நிற்கும்வரை நான் அடுப்பில் எதை வைத்தாலும் அடிப்பிடிக்கும். முயலை உரிக்கவோ சமைக்கவோ நான் போகவில்லை. இவரே உரித்து, மிளகுத்தூள் கொஞ்சம் கூடப்போட்டுச் சமைப்பார். சாப்பிட நன்றாகத்தான் இருக்கும்.