கடைவீதி அடைத்திருந்த அன்று

சனிக்கிழமை காலை பத்தரை மணி. அரியலூர் கடைவீதியில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு அந்தக் கடைவீதியைக் காட்டத்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது.

இப்போது கெஸ்ட் ஹவுஸ் வேலைக்கு வந்திருக்கும் பெண்கள், "மகேசக்கா, நீங்க சொதப்புனதே இல்லியா?" என்று கேட்கிறார்கள். சொதப்பாமல் என்ன? கூடை கூடையாகச் சொதப்பியிருக்கிறேன். இது அதில் பெரிய கூடை.

1. சார் சொன்னது

அரியலூர் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலை. அதன் கெஸ்ட் ஹவுஸில் நான் காண்டிராக்டில் இருந்தேன். அதற்கு முன் பெரம்பலூரில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷன். கெஸ்டுகளுக்கு ரூம், சாப்பாடு, வண்டி எல்லாம் பார்ப்பதோடு, குடும்பமாக வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவதும் என் தலையில். அதற்கு 'டவுன் விசிட்' என்று பெயர். முதலில் கோதண்டராமசாமி கோவில், தூண்களில் தசாவதாரம். அடுத்து கடைவீதியில் ஒரு நடை: பழைய பாத்திரக்கடை, அதை ஒட்டிப் பாயின் ஜவுளிக்கடை. மதியம் மெஸ்ஸில் சாப்பாடு. நேரம் மிச்சமிருந்தால் வாரணவாசி மியூசியத்தில் கல்லாகிப்போன கடல் பிராணிகள். நாற்பது பேரையாவது அழைத்துப் போயிருப்பேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

அந்த வாரம் அட்மின் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, சூளையப் பாத்துக்க வடக்கேருந்து புது கில்ன் மேனேஜர் வராரு. ஏற்கெனவே ரெண்டு பேரு ஊரு புடிக்கலன்னு ஓடிட்டானுவ. இந்தத் தடவ சம்சாரம் மொதல்ல வந்து பாக்குறாங்க. அந்தம்மா சரின்னு சொன்னாத்தான் அவரு வருவாரு. அவரு வந்தா ஒன்ன நெரந்தரமாக்குற கன்ஃபர்மேஷன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

"வரலன்னா சார்?"

"மாசக் கடைசில பாத்துக்கலாம்."

காண்டிராக்டில் இருந்தவர்களுக்கு 'பாத்துக்கலாம்' என்றால் என்னவென்று தெரியும். என் வீட்டுக்காரர் லோடு ஏற்றும்போது விழுந்து, இடுப்பு போய், எட்டு மாதமாகப் படுக்கையில் இருந்தார். வீட்டில் உலை கொதித்தது என் சம்பளத்தில். அந்த அம்மாள் வாயிலிருந்து 'சரி' என்ற ஒரு சொல் வராவிட்டால் அந்த அடுப்பும் அணைந்துவிடும் என்று நினைத்தேன்.

2. பாய் கடையின் பின்வாசல்

மேடத்துக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சுத்த சைவம். அதிகம் பேசவில்லை. எனக்குத் தெரிந்தது லாட்ஜுக்கு வந்த லாரி டிரைவர்களிடம் பொறுக்கிய இந்தி. அதை வைத்து ஓட்டினேன். சிமெண்ட் லாரி போகும் ரோட்டில் தூசி பறக்கும் என்று, டிரைவர் செல்வராஜ் அண்ணனை ஊரைச் சுற்றி வரச் சொன்னேன். "டீசல் என்ன ஓங்கப்பன் வூட்டுதா?" என்று முனகிக்கொண்டே வந்தார்.

கோவில் நல்லபடியாக முடிந்தது. நரசிம்மர் தூணுக்கு முன் மேடம் வெகுநேரம் நின்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கடைவீதிக்குள் நுழைந்து பார்த்தால், எல்லா ஷட்டரும் இறங்கியிருந்தன. பாத்திரக்கடைப் பெரியவர் விடியற்காலையில் இறந்துவிட்டாராம், செல்வராஜ் அண்ணன் இறங்கி விசாரித்துச் சொன்னார். கடைவீதியில் ஒரு வியாபாரி இறந்தால், எடுக்கிறவரை யாரும் கடை திறக்க மாட்டார்கள். யாரும் உத்தரவு போட்டு வந்த வழக்கமில்லை அது.

"நேராச் சொல்லிடு மகேசு," என்றார் செல்வராஜ் அண்ணன். "பொணம் எதுக்க வந்தா நல்ல சகுனந்தான?"

"நமக்கு நல்ல சகுனம். அவங்க ஊர்ல என்னவோ? மொத மொதல்ல ஊரு பாக்க வந்தவங்கள்ட்ட சாவக் காட்டுவாங்களா? சும்மா இருங்கண்ணே."

எனக்குப் புத்தி அவ்வளவுதான். வண்டியைச் சந்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, மேடத்தையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாய் கடையின் பின்வாசலைத் தட்டினேன்.

"பாய், அரை மணி நேரம். ரெண்டு சேலைய விரிச்சுக் காட்டுங்க, போதும். என் வேலையே இதுலதான் இருக்கு."

பாயின் கண் சிவந்திருந்தது. "நாப்பது வருசமா ஒரே செவுரும்மா எங்களுக்கு. அவரு மௌத்தாயி கெடக்கையில நான் சேலைய விரிக்கிறதா? யாவாரம் கெடையாது. வெயில்ல நிக்காதீங்க, உள்ள உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

உள்ளே உட்கார்ந்தோம். கால் மணி போயிருக்காது. பறைச்சத்தம் கேட்டது. பின்னாலேயே பேண்டு செட்டு, வெடி. மேடத்தின் முகம் மலர்ந்தது. "என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

"சாமி ஊர்வலம்," என்றேன். "கோவில் திருவிழா. அதனாலதான் கடையெல்லாம் லீவு."

பாய்க்கு உருது தெரியும். நான் சொன்ன இந்தி அவருக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. தண்ணீர்ச் சொம்பைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாமி ஊர்வலம் என்று சொன்னால் பக்தியுள்ள பெண்மணி சும்மா உட்கார்ந்திருப்பாரா? விருட்டென்று எழுந்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, பின்வாசல் வழியாகத் தெருமுனைக்கு ஓடினார். "என்னம்மா சொல்லித் தொலைச்ச நீ!" என்று பாய் கத்தினார். நான் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினேன்.

நான் போவதற்குள், உடல் தெரியாதபடி பூவால் மூடிய பல்லக்கு முனைக்கு வந்துவிட்டது. சாமந்தியும் ரோஜாவும் ரோடெங்கும் வாரி இறைத்திருந்தார்கள். நம் ஊர்க்காரர்கள் அந்தப் பூவை மிதிக்காமல் ஒதுங்கிப் போவார்கள். மேடம் குனிந்து ஒரு சாமந்தியை எடுத்தார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு அதைக் கொண்டையில் செருகப் போனார்.

"யேய், யாரும்மா அது! பூவக் கீழ போடு!" என்று கூட்டத்தில் ஒருவர் அலறினார். மேடம் அவரைப் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டார். இறந்தவரின் மகன், தீச்சட்டியோடு நடந்தவர், திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மேடத்தின் கையைப் பிடித்துப் பூவைத் தட்டிவிட்டேன்.

"இது சாமி இல்லிங்க மேடம். சாவு. பக்கத்துக் கடைக்காரர் செத்துப்போயிட்டார். நான் பொய் சொல்லிட்டேன்."

மேடம் மறுபடி கையைக் கூப்பினார். பல்லக்கு கடந்து போகும்வரை கூப்பிய கையை இறக்கவில்லை. பிறகு பாய் கடைப் படியில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன்?" என்றார்.

"ஊர் உங்களுக்குப் பிடிக்கணும். பிடிக்கலன்னா எனக்கு வேலை போயிடும்."

அவர் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டார். மெஸ்ஸும் வேண்டாம், மியூசியமும் வேண்டாம், குளிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். திரும்பும்போது லாரி ரோட்டிலேயே விடச் சொன்னேன். இனி எதை மறைத்து என்ன ஆகப்போகிறது? தூசி கண்ணாடியில் அப்பியது. மேடம் அதைப் பார்த்துவிட்டு, "எங்கள் ஊரிலும் சிமெண்ட் ஆலைதான். இதைவிடத் தூசி," என்றார். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்வராஜ் அண்ணன் துண்டை எடுத்து நீட்டினார்.

3. செக்-அவுட்

மறுநாள் காலையில் மேனேஜரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். அதற்குள் ரூமிலிருந்து மேடம் கூப்பிட்டார். பெட்டி கட்டி முடித்திருந்தது.

"என் மகன் பத்தாம் வகுப்பு. இந்த வருஷம் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது. என் கணவர் இப்போது தனியாக வருவார். நாங்கள் அடுத்த வருஷம் வருவோம். இதைப் புறப்படும் முன்பே உங்கள் ஆபீசுக்கு மெயிலில் எழுதிவிட்டோம். நான் வந்தது குவார்ட்டர்ஸில் சமையலறை எப்படி என்று பார்க்கத்தான். உனக்கு யாரும் சொல்லவில்லையா?"

அந்த மெயிலைச் சார் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. அட படுபாவி!

"நீயும் கேட்கவில்லையே," என்றார் மேடம். "இரண்டு நாளாக நீதான் பேசிக்கொண்டிருந்தாய். உங்களுக்கு என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு தடவையாவது கேட்டிருந்தால், குவார்ட்டர்ஸ் என்று சொல்லியிருப்பேன்."

மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். கோபம் தீர்ந்துவிட்ட மாதிரித்தான் தெரிந்தது. காரில் ஏறியபின் கண்ணாடியை இறக்கினார்.

"அந்தப் பெரியவர் பெயர் என்ன? எனக்குத் தெரியாமல்தான் செய்தேன். வீட்டில் விளக்கேற்றும்போது பெயர் சொல்லி வேண்டிக்கொள்கிறேன்."

வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. அந்தக் கடையில் செம்பு அண்டா எந்தத் தட்டில், பித்தளைக் குத்துவிளக்கு எந்த மூலையில் என்று எனக்குத் தெரியும். 'இந்தத் தெருவிலேயே பழைய கடை' என்று நாற்பது பேரிடம் சொல்லியிருக்கிறேன். கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் ஒவ்வொரு தடவையும் எழுந்து, "வாங்க, வாங்க" என்று சொல்லியிருக்கிறார். என் கெஸ்டுகளுக்கு மோர் கொடுத்திருக்கிறார்.

"தெரியாது மேடம்," என்றேன்.

கண்ணாடி ஏறியது. பொய் சொன்னதற்குக்கூட நான் அவ்வளவு கூனிக் குறுகவில்லை.

கில்ன் மேனேஜர் வந்து சேர்ந்தார். "பாத்தியா, ஒன்னாலதான்!" என்று சார் என் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். நடந்ததைச் சொல்லப் போனேன். "அதெல்லாம் விடும்மா, காரியம் ஆச்சுல்ல" என்று கையை அசைத்துவிட்டார். வீட்டில் உலை கொதித்தது. அந்தக் கையெழுத்துக்கும் என் டவுன் விசிட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மேடத்தை அனுப்பிவிட்ட அன்று மதியமே பாய் கடைக்குப் போனேன். பெரியவரின் பெயரைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தன நாளா தெரியாதா ஒனக்கு?"

"தெரியாது பாய்."

"ராமலிங்கம்," என்றார். பிறகு ஸ்டூலை என் பக்கம் நகர்த்திப் போட்டார். "உக்காரு. சொல்றேன்."

டவுன் விசிட் போகும் பெண்களே, கெஸ்டிடம் முதலில் கேளுங்கள். பிறகு பேசுங்கள். கடையைக் காட்டும் முன், கல்லாவில் இருப்பவரின் பெயரைச் சொல்லி வணக்கம் வையுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே வையுங்கள்.