சத்தமில்லாமல் அழுத தம்பி

என் தம்பி பிறந்த மூன்றாம் மாதம் அவன் அழுகையிலிருந்து சத்தம் போய்விட்டது. வாய் திறந்திருக்கும், முகம் நீலம் பாரிக்கும், கண்ணீர் ஓடும். சத்தம் மட்டும் வராது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை அழுவதுபோல இருக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் அதைப் பார்க்கப் பயந்து பழனி முருகன் படத்தடியில் போய் ஒட்டிக்கொள்வேன். அம்மாவுக்கு இவனுக்கு முந்திப் பிறந்த பிள்ளையும் இப்படித்தான் குரல் அடைத்துப் போய்ச் சேர்ந்தது.

"ஓடைக்கரை முனி கொரலை வாங்கிருச்சு," என்று பெரியம்மா நிலைப்படியில் வேப்பிலை செருகினாள். அம்மாவின் பத்தியத்தையும் இறுக்கினாள். பருப்பு ஆகாது, கீரை ஆகாது. திண்டுக்கல் மில்லில் மல்லிகைப்பூவாய்த் தீட்டிய அரிசியைப் பலதடவை கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டிவிட்டு, சோறும் மிளகுரசமும் மட்டும். பெற்றவளுக்கு உசத்தியானதைத்தான் கொடுத்தார்கள்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, சென்னையில் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். முன்பு காலேஜ் வாத்தியார்; திடீரென்று அதை விட்டுவிட்டு நொதி, வைட்டமின் என்று அதிலேயே கிடந்தார். ஏனென்று வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். அவரையும் அத்தையையும் அன்றைக்கு எங்கள் ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டது முருகன்தான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

தொட்டிலை எட்டிப் பார்த்த மாமா அப்படியே நின்றார். பிறகு நேரே அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப்பானையைத் திறந்து பார்த்தார்.

"முனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சோத்தை ஒடம்புல சேக்குற நொதிக்குத் துணையா ஒரு வைட்டமின் வேணும். அது தவிட்டோட போச்சு, கழுவுன தண்ணியில போச்சு. தாய்ப்பால்ல எங்கேருந்து வரும்?"

"ஏன் தம்பி, மாட்டுக்கு வைக்கிற தவிட்டையா எங்க புள்ளைக்குக் கேக்குற?" என்றாள் பெரியம்மா.

மாமா பிள்ளையை வாரிக்கொண்டு ஜட்காவில் திண்டுக்கல் டாக்டரிடம் ஓடி, அந்த வைட்டமினை ஊசியாகப் போடவைத்துக் கொண்டுவந்தார்.

வெயில் தாழ்வதற்குள் தம்பி வாயைத் திறந்தான். காக்காய் கரைவதுபோல ஒரு சத்தம். "முருகா!" என்று அம்மா தரையில் விழுந்தாள்.

அழுகை ஓய்ந்ததும் மாமா அவன் உள்ளங்காலைக் கிள்ளினார். கத்தினான். ஓய்ந்தது, மறுபடி கிள்ளினார். அவர் முகம் வேறு யாருடைய முகமோபோல ஆகியிருந்தது. முனியைவிட மாமாவைக் கண்டுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"என்ன மச்சான் இது, பச்சப்புள்ளையப் போட்டு..." என்றார் அப்பா.

"இன்னும் ஒரே ஒருவாட்டி, மாப்ள."

சுவரோரம் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்துவந்து மாமாவின் கையைப் பிடித்தாள்.

"போதும், விடுங்க. இது நம்ம புள்ள இல்ல."

அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று ஊருக்கே தெரியும். இதைப் போய் அத்தை எதற்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவர்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் தொட்டில் தொங்கியதும், அதில் கிடந்த பிள்ளையும் இப்படிச் சத்தமில்லாமல் அழுதே போய்ச் சேர்ந்ததும் எனக்கு அப்போது தெரியாது.