தங்கசாமியின் சொந்தத் தாளம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் திருச்செங்கோட்டுப் பாண்டு செட்டுக்காரர்கள் நடுவே ஒரு தீராத வழக்கு இருந்தது. தாளம் அடிக்கிறவன் சொந்தத்தில் வெண்கலத் தாளம் வாங்கி வைத்துக்கொள்ளலாமா, கூடாதா என்பதுதான் அது. கிளாரினெட் ஊதுகிறவனிடம் சொந்தக் கிளாரினெட் இருந்தது. ஒருவன் வாயில் வைத்ததை இன்னொருவன் வாயில் வைப்பானா? அதனால் அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. பெரிய டிரம் முதலாளியுடையது. அதைச் சொந்தமாக வாங்க எவனுக்கும் ஆசை வந்ததில்லை. வாங்கினால் பெண்டாட்டி பிள்ளைகளை வெளியே படுக்க வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் அதை வைக்க வேண்டும். இரண்டிலும் சேராமல் நடுவில் மாட்டிக்கொண்டது தாளம்தான்.

கூடாது என்றவர்கள் பக்கம் நிறைய நியாயம் இருந்தது. முதலாளியுடைய தாளம் விரிசல் விட்டால் முதலாளிக்கு நட்டம், உன்னுடையது விரிசல் விட்டால் உன் வயிற்றுக்கு நட்டம் என்றார்கள். சொந்தத் தாளம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஊரில் உள்ளவனெல்லாம் ஓசி கேட்டு வந்து நிற்பான் என்றார்கள். இதையெல்லாம் அந்தச் செட்டுகளில் ஒன்றில் தாளக்காரனாக இருந்த தங்கசாமியும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வான். ஆனால் வாங்கியே ஆகவேண்டும் என்று மனசுக்குள் எப்போதோ முடிவு செய்துவிட்டான். அவனுடைய காரணம் வேறு. அதை அவன் செட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

தங்கசாமி மல்லசமுத்திரம் போகிற பாதையில் ஒரு சின்னக் குடியிருப்பில் இருந்தான். மற்ற நாளில் காட்டு வேலை. முகூர்த்த நாளில் பாண்டு. வெள்ளைக்காரப் பட்டாளத்தில் கழித்துப் போட்ட சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, முறம் அகலத்துக்கு இரண்டு வெண்கலத் தட்டுகளை ஏந்திக்கொண்டு, ஊர்வலத்துக்கு முன்னால் அவன் நடந்தால் மாடுகள் கட்டுத்தறியை இழுக்கும். சும்மா இரண்டையும் சேர்த்துத் தட்டினால் தாளம் ஆகிவிடாது. நேருக்கு நேர் மோதினால் நடுவில் காற்று அடைபட்டுச் சத்தம் செத்துப்போகும். ஒன்று ஏற, ஒன்று இறங்க, கொஞ்சம் சாய்த்து உரசி மோத வேண்டும். மோதின கையோடு இரண்டையும் விரித்துத் தூக்கிப் பிடித்தால் அந்த நாதம் தெருக்கோடி வரைக்கும் போகும். ராசிபுரத்தில் கேட்டிருக்கிறார்கள், சங்ககிரியில் கேட்டிருக்கிறார்கள், நாமக்கல் கோட்டைக்குக் கீழே கேட்டிருக்கிறார்கள். கேட்காதது அவன் வீட்டில் இருந்தவர்கள் மட்டும்தான்.

ஆமாம், அவன் பெண்டாட்டி செல்லாயி அவன் தாளத்தை ஒருநாளும் கேட்டதில்லை. ஊரார் கல்யாணத்துக்குப் பாண்டுக்காரன் பெண்டாட்டியை யார் அழைக்கிறார்கள்? போகட்டும், அவர்களுடைய கல்யாணத்திலாவது அடித்திருக்கலாமே என்றால், அன்றைக்கு நல்ல முகூர்த்தம். செட்டு முழுக்கச் சங்ககிரிக்குப் போய்விட்டது. சுற்று வட்டாரத்தில் ஊதுகிறவன் கொட்டுகிறவன் ஒருத்தன் மிச்சமில்லை. பாண்டுக்காரன் கல்யாணம் ஊமைக் கல்யாணமாக நடந்தது. கோயிலிலிருந்து பந்தலுக்கு அவர்கள் நடந்து வந்தபோது, வழியில் ஒரு கோழி கொக்கரித்த சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது என்று செல்லாயி சொல்லுவாள். குறையாகச் சொல்லமாட்டாள், சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். அந்தச் சிரிப்பைத்தான் தங்கசாமியால் தாங்க முடியவில்லை.

முதலாளி மருதாசலம் நல்ல மனுசன்தான். ஆனால் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. சாமான் ஒற்றையாக வெளியே போகக்கூடாது, போனால் செட்டாகத்தான் போகவேண்டும். முகூர்த்த நாளில் செட்டு சும்மா இருக்குமா? ஆக, மகள் குஞ்சம்மாள் கல்யாணமும் ஊமைக் கல்யாணமாகத்தான் நடக்கும் என்று தங்கசாமிக்குத் தெரிந்துபோயிற்று. குஞ்சம்மாள் நடை பழகின நாளிலிருந்தே அந்த நினைப்பு அவனை அரித்தது. புகையிலையை விட்டான். வளர்த்த கிடாயை விற்றான். ஒருநாள் சேலத்துக்கு நடந்து போய், வெண்கலம் வார்க்கிற ஒருவரிடம் சொல்லி வைத்து, ஒரு ஜோடித் தாளம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அப்போதே ஒரு அடி அடித்துக் காட்டியிருக்கலாம். செல்லாயி வேண்டாம் என்றுவிட்டாள். நல்ல காரியம் இல்லாத வீட்டில் தாளச் சத்தம் கேட்டால், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அக்கம்பக்கம் பதறி ஓடிவரும். பாடை முன்னாலும் தாளம் போகிற ஊர் அல்லவா?

"மொதச் சத்தம் நம்ம ஊட்டு நல்ல காரியத்துக்குத்தான் கேக்கோணுமுங்க" என்றாள் அவள். "இத்தன நாள் பொறுத்தாச்சு. குஞ்சம்மா கல்யாணத்துக்குக் கேட்டுக்கறேன்."

சரி, அதுவரைக்கும் சொந்தத் தாளத்தோடு செட்டுக்குப் போவோம் என்று அடுத்த முகூர்த்தத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனான். வந்தது வினை. ஊர்வலம் தெருவில் திரும்பினதும் மருதாசலம் ஒருமாதிரியாகப் பார்த்தார். டிரம் கேட்கிறது, கிளாரினெட் கேட்கிறது, தாளத்தைக் காணோம். தங்கசாமி அடித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் கை போய் மோதுகிற கடைசி நேரத்தில், வலிக்குமே என்று பிள்ளையின் கன்னத்தை மெல்லத் தட்டுகிற தாய் மாதிரி, தானாகவே தளர்ந்துவிட்டது. முதலாளியின் தாளத்தை இத்தனை வருசம் வெளுத்து வாங்கின கைதான். தன்னுடையது என்றதும் அதற்கு மனசு வரவில்லை. விளிம்பு நெளியுமோ, கீறல் விழுமோ என்று அடிக்கு அடி குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தான்.

ஓரமாகக் கூப்பிட்டார் மருதாசலம்.

"ஏம்ப்பா, மாவு சலிக்கற மாதிரி என்னத்தச் சலிச்சுட்டு வர்றே?"

"அடிக்கறனுங்களே."

"இல்லப்பா. நீ காப்பாத்திட்டு இருக்கறே. இதைக் கொண்டுபோயி ஊட்டுல வெய்யி. என்ற தாளத்த எடுத்து அடி."

தங்கசாமிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதற்கு மேல் அந்த ஜோடி வெளியே போகவில்லை. செல்லாயியின் பழைய சேலையைச் சுற்றி ராகி கொட்டி வைக்கிற குதிருக்குள் வைத்தார்கள். அமாவாசைக்கு அமாவாசை குஞ்சம்மாள் அதை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, ஒன்றோடொன்று படாமல் திரும்பச் சுற்றி வைப்பாள். தேய்க்கிறபோது நகம் பட்டு ஒரு சின்ன நாதம் எழும். அதற்கே தாயும் மகளும் வேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார்கள். தங்கசாமி ஊரார் தாளத்தை ஊரார் வீட்டுக்கு அடித்துவிட்டு வந்து, குதிருக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பான். ஆசை என்றால் அப்படி ஒரு ஆசை. வருசம் போகப் போக அது குறையவும் இல்லை.

ஒருவழியாக வைகாசியில் குஞ்சம்மாளுக்குக் கல்யாணம் குறித்தார்கள். நினைத்த மாதிரியே செட்டு நாமக்கல்லுக்குப் போயிற்று. மேளக்காரர்களும் பெரிய வீடுகளுக்குப் போய்விட்டார்கள். தங்கசாமிக்குக் கவலையே இல்லை. ஊர்க்கோடிப் பிள்ளையார் கோயிலிலிருந்து பந்தல் வரைக்கும் மாப்பிள்ளைக்கு முன்னால் தானே அடித்துக்கொண்டு வருவேன் என்று காலையிலேயே சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். அப்போதுதான் அவனுடைய அக்காள் புருசன் அப்புசாமி குறுக்கே வந்தார்.

"எங்கீடா போறே? பொண்ணப் பெத்தவன் பந்தல உட்டுப் போகலாமா? செம்புத் தண்ணியோட வாசல்ல நின்னு மாப்பிள்ளயக் கைகால் கழுவச் சொல்லி உள்ள அழைக்கோணுமல்ல?"

எத்தனையோ கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தவனுக்கு இது தெரியாது. தெரிய வழியும் இல்லை. பந்தல் வாசல் வந்ததும் பாண்டுக்காரர்கள் ஓரமாக ஒதுங்கி, பின்பக்கம் மாட்டுக் கொட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். வாசலில் மாப்பிள்ளையை யார் வரவேற்கிறார்கள், பெண்ணைப் பெற்றவன் எங்கே நிற்கிறான் என்பதையெல்லாம் அவன் கண்டதே இல்லை. கல்யாணங்களைத் தெருவிலிருந்தே பார்த்தவன். தான் ஒருநாள் வாசலில் நிற்கவேண்டியவன் என்று இத்தனை வருச ஆசையில் ஒருதரம்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

வேறு வழியில்லாமல் செல்லாயியின் தம்பி தீர்த்தகிரியிடம் தாளத்தைக் கொடுத்தான். தீர்த்தகிரி வண்டி ஓட்டுகிறவன், சாட்டை பிடித்த முரட்டுக் கை. பார்த்து அடி, மெதுவாக அடி, விளிம்பில் படாமல் அடி, கீழே வைக்காதே, யாரிடமும் கொடுக்காதே என்று சொல்லிச் சொல்லி அனுப்பினான். தெரு முனை வரைக்கும் பின்னாலேயே போய், மெதுவா மெதுவா என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

பிறகு கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, செம்பை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றான். பக்கத்தில் செல்லாயி. புதுச் சேலை கட்டியிருந்தாள். கொண்டையில் பூ வைத்திருந்தாள். உள்ளே மணையோரம் குஞ்சம்மாள். சமையல்காரர்களைக்கூடச் செல்லாயி கொஞ்சம் கரண்டியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டாள். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஒன்றும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை கோயிலைவிட்டுக் கிளம்பிவிட்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். கிணற்று மேட்டுக்கு வந்துவிட்டார் என்றார்கள். அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. காற்று திரும்பினபோது 'டப்' என்று ஒரு சத்தம், அரிசி மூட்டையைக் கீழே போட்ட மாதிரி. தங்கசாமிக்குப் புரிந்துவிட்டது. தீர்த்தகிரி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். பயந்து பயந்து நேருக்கு நேர் வைத்து ஒற்றுகிறான். அவனைச் சொல்லி என்ன குற்றம்?

"அதானுங்களா?" என்று கேட்டாள் செல்லாயி.

அவள் குறையாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுச் சிரித்தாள். அதே சிரிப்பு. அதைப் பார்த்ததும் தங்கசாமி அதற்கு மேல் நிற்கவில்லை. செம்பை அவள் கையில் திணித்தான். அப்புசாமி, டேய் டேய் என்று கத்துவதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் ஓடினான்.

கிணற்று மேட்டில் ஊர்வலம் தலை தொங்கி வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவருக்கொருவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நடந்தார்கள். மாமனார் சட்டைகூட இல்லாமல் ஓடிவருவதைப் பார்த்து மாப்பிள்ளை மிரண்டு நின்றார். தங்கசாமி அதைக் கவனிக்கவில்லை. தீர்த்தகிரி கையிலிருந்து தாளத்தைப் பிடுங்கினான். அதன் தோல்வாரை உள்ளங்கையில் சுற்றினான். ஊர்வலத்துக்கு முன்னால் போய் நின்று, சாய்த்து, இழுத்து, முதலாளி வீட்டுத் தாளத்தை அடிக்கிற மாதிரி ஒரு அடி அடித்தான்.

கிணற்று மேட்டு வேம்பில் இருந்த காக்கைகள் மொத்தமாக எழும்பின. ஊர்வலம் நிமிர்ந்தது. இரண்டாவது அடியில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள், மூன்றாவதில் குலவை போட்டார்கள். தங்கசாமி விளிம்பைக் குனிந்து பார்க்கவில்லை. நெளிந்தால் நெளியட்டும், உடைந்தால் உடையட்டும், யார் வீட்டுச் சாமானோ என்று அடித்தான். வழி நெடுக அப்படி அடித்துக்கொண்டே வந்து, பந்தல் வாசலில் இரண்டையும் தலைக்கு மேலே விரித்துத் தூக்கி நிறுத்தினான். நாதம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கால் ஓரமாக ஒதுங்கப் பார்த்தது, பழக்கம். பிறகுதான் இது தன் வீட்டு வாசல் என்று நினைவு வந்து அங்கேயே நின்றான்.

செல்லாயி செம்போடு நின்றுகொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம். அவளுக்குப் பின்னால், முறை தவறி மணையைவிட்டு எழுந்து வந்த குஞ்சம்மாள் கதவோரம் நின்றாள்.

"இத்தன வருசமும் இப்படியேதானுங்களா அடிச்சீங்க?" என்று கேட்டாள் செல்லாயி.

"ஆமா புள்ள" என்றான் தங்கசாமி, மூச்சு வாங்கிக்கொண்டே. "ஊரு ஊரா இப்படியேதான்."

அவள் செம்பை அவனிடம் கொடுத்துவிட்டு, தாளம் இரண்டையும் முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள். அவை இன்னும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தன. தங்கசாமி மாப்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினான். தாளம் அடித்த வேகத்திலேயே ஊற்றியதில் பாதித் தண்ணீர் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் கொட்டியது.