எட்டு மில்லிமீட்டர் விழுந்தால்

ஜீப்பு ஏறுவதற்காக ஓடையைக் கடந்தபோது தண்ணீர் இழுத்து என் நாத்தனாருக்குக் கால் உடைந்தது. அன்றைக்குத் தோட்டத்து மழைப் புத்தகத்தில் இருந்த அளவு முப்பத்தெட்டு மில்லிமீட்டர். எழுதியது நான்தான். போடிமெட்டுக்கு அப்பால் இருக்கும் எங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்கு அது சாதாரண மழை. "இந்த மழைக்கா ஓடை ஆளை இழுத்துச்சு? பராக்குப் பாத்துக்கிட்டு எறங்கியிருப்பா" என்று ஜீப்பில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுக்கத் தூறினாலும் முப்பத்தெட்டு, அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்த்தாலும் முப்பத்தெட்டு. காலையில் ஒருமுறை மட்டும் அளந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

அன்றிலிருந்து மழை பிடித்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தேன். ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள் குடையும் கையுமாக ஓடுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். முதல் வாரமே சொதப்பினேன். அளந்த தண்ணீரை அவ்வப்போது கீழே ஊற்றிவிட்டு, மறுநாள் காலை மழைமானியில் மிஞ்சியிருந்ததை மட்டும் மொத்த மழை என்று எழுதிவிட்டேன். "நேத்து இங்க மழையே பெய்யலையா?" என்று மேனேஜர் கேட்டபோதுதான் உறைத்தது. பிறகு கூட்டி எழுதப் பழகினேன். மழை எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் பெய்தது, எந்தப் பத்து நிமிடம் வலுத்தது, ஓடை எப்போது ஏறியது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்தேன். சீசன் முடிவதற்குள் ஒரு விதி கிடைத்தது. பத்து நிமிடத்தில் எட்டு மில்லிமீட்டர் விழுந்தால், இருபத்தைந்து நிமிடம் கழித்து ஓடை ஏறும்.

அடுத்த ஆண்டு ஒரு மதியம் எட்டு விழுந்தது. காய் எடுக்கும் பெண்கள் ஓடைக்கு இந்தப் பக்கம், ஜீப்பு அந்தப் பக்கம். கால் சரியாகி நாத்தனாரும் வேலைக்குத் திரும்பியிருந்தாள். நான் ஓடிப்போய், "இன்னும் இருபது நிமிசம் இருக்கு, வெரசா கடந்துருங்க" என்றேன்.

"தண்ணி கலங்கி வருது மதினி. நான் எறங்க மாட்டேன்" என்று நாத்தனார் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்காகத்தான் ஒரு வருசமா நனைஞ்சு அளந்திருக்கேன். என் கணக்கை நம்ப மாட்டியா?"

அவள் அசையாததால் மற்றவர்களும் இறங்கவில்லை. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடை வந்தது.

பதினொரு பேரை நான் அதற்குள் இறக்கியிருப்பேன். அன்றைய மழை மேல் மலையில் முன்னதாகவே தொடங்கி, கடைசியில்தான் என் மழைமானிக்கு வந்திருக்கிறது.

மறுநாளே இன்னொரு மழைமானி கேட்டு மேனேஜர் முன் நின்றேன். "ஒண்ணு போதாதா?" என்றார். போதாது என்றேன். அவர் சரி என்று சொல்லும்வரை நான் என் இடத்துக்குப் போகவில்லை. இப்போது தோட்டத்தின் மேல் எல்லையில் ஒன்று இருக்கிறது. அங்கே விழுவதை நாத்தனார் அளந்து போனில் சொல்கிறாள்.

நோட்டில் இருந்த இருபத்தைந்து நிமிடத்தை அடித்துவிட்டு, 'மேலேயோ கீழேயோ எட்டு விழுந்தால் யாரும் இறங்கக் கூடாது' என்று எழுதினேன். நாத்தனார் அதை வாங்கிப் படித்தாள்.

"எட்டு விழலைன்னாலும், தண்ணி கலங்குனா எறங்கக் கூடாது. அதையும் எழுது மதினி" என்றாள்.

எழுதினேன்.