சந்தனம் பூசிய சிடி

இந்திராணி அக்கா ஒரு வரிசை வரைந்து முடித்ததும் பக்கத்திலுள்ள நீள நோட்டில் அதன் எண்ணை எழுதி, பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். கட்டம் போட்ட தாளில் சேலை டிசைன் வரைந்த நாளிலிருந்து வந்த பழக்கம். ஒரு கட்டம் ஓர் இழை. ஒரு வரிசை தப்பினால் முந்தானை முழுக்கத் தப்பும். கம்ப்யூட்டருக்கு மாறி ஆறு வருஷமாகியும் நோட்டை அவர் விடவில்லை. அந்த மெஷினில் யார் என்ன செய்தாலும் நேரத்தோடு அதில் குறித்து வைப்பார்.

தென்னேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். ஆறு வருஷமும் பழைய சேலைகளைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார். இந்த ஐப்பசியில்தான் முதல்முறையாக, ஒரு கல்யாணச் சேலைக்காகச் சொந்தமாக ஒன்று வரைந்தார். பஸ் ஏரிக்கரையில் திரும்பும்போது தண்ணீரில் நிற்கும் நாரைகள். மூன்று வாரம், ஆயிரத்து நானூற்றுப் பதினெட்டு வரிசை. சனிக்கிழமை சாயங்காலம் கடைசிக் கோட்டை இழுத்துவிட்டு ஆறரை மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

திங்கள் காலை பத்து மணிக்கு டிசைன் மென்பொருள் திறக்கவில்லை.

மூன்று மணிக்கு, தறிக்கு அட்டை குத்தும் தாவீது வருவார். நாரைகள் துளைகளாக அட்டையில் இறங்கினால்தான் மறுநாள் என் ஊரான கூரத்தில் நல்ல நேரம் பார்த்துத் தறியில் ஏற்ற முடியும். மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த என்னருகே முதலாளி பரசுராமன் வந்து நின்றார்.

"என்னாபா பிரேம்நாத், பெரிய படிப்பு படிச்சிருக்கே. தொறக்குமா தொறக்காதா?"

"பார்த்துக்கினு இருக்கேங்க."

"மூணு மணி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வரலேன்னா போன வருஷத்து தாழம்பூ அட்டையவே ஏத்திடுவேன். கல்யாணப் பொண்ணு நாரை இல்லேன்னு அழப் போறதில்ல." பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார். "யாரு கை வச்சது இதுல?"

நான் கீபோர்டின் மேல் குனிந்துகொண்டேன். அக்கா நோட்டை மூடி அதன் மேல் முழங்கையை வைத்துக்கொண்டார். "மெஷினுதானே மொதலாளி. அதுக்கும் ஒடம்பு சரியில்லாம போகும்" என்றார்.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. மூன்று வருஷம் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தேன். பரீட்சையில் எழுதியவற்றில் ஒன்றையாவது கையால் செய்து பார்த்திருக்கிறேனா என்று அந்தக் காலையில் யோசித்தேன். விடை எனக்குத் தெரிந்ததுதான்.

மென்பொருளை மறுபடி ஏற்றக் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரவேண்டும். நான்கு நாள் ஆகும் என்று போனில் சொன்னார்கள். மிச்சம் ஒரே வழி. விண்டோஸ் எக்ஸ்பிக்குள்ளேயே 'சிஸ்டம் ரீஸ்டோர்' என்று ஒரு கருவி உண்டு. மெஷினை முந்தைய ஒரு நாள் இருந்த நிலைக்கு அது திருப்பிக் கொண்டுபோகும். அதை அழுத்தினேன். மணற்கடிகாரம் ஒரு கணம் தோன்றி மறைந்தது. மறுபடி அழுத்தினேன். அதேதான். சேஃப் மோடில் போய்ப் பார்த்தேன். யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது, அது மட்டும் திறக்கவில்லை. காப்பாற்ற வேண்டிய கருவியே கெட்டுக் கிடந்தது.

கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தேன். விண்டோஸ் தன் கோப்புகளைத் தானே சோதித்து, கெட்டதற்குப் பதில் நல்லதை மூல சிடியிலிருந்து எடுத்துக்கொள்ளும் கட்டளை அது. பாதியில் நின்று, சிடியைப் போடு என்று கேட்டது.

பீரோவிலிருந்து சிடியை எடுத்துத் திருப்பினேன். மின்னும் பக்கத்தில் மூன்று இடத்தில் சந்தனம், ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். ஆயுத பூஜையன்று முதலாளி மானிட்டர், மௌஸ், சிடிகள் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார்.

"எழுத்து இருக்கிற பக்கம் வச்சா எழுத்து அழிஞ்சிடும்னு காலியா இருந்த பக்கமா பாத்து வச்சேன்" என்றார் அவர், நல்லது செய்த முகத்தோடு.

அப்படியே போட்டுப் பார்த்தேன். டிரைவ் கிர்ரென்று சுற்றி, முனகி, நின்றது. மணி பன்னிரண்டரை.

காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"பட்டுல பொட்டு பட்டா சுரண்டுவியா? கீறிடும். ஊற வைக்கணும்."

வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு பொட்டின் மேலும் வைத்தார். தேய்க்கவில்லை. பஞ்சு மஞ்சளானதும் எடுத்துவிட்டு வேறொன்று வைத்தார். இருபது நிமிஷம் நாங்கள் இருவரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் சுற்றித் துடைக்கப் போனபோது நான் தடுத்தேன்.

"சுத்தித் துடைக்கக் கூடாதுக்கா. நடுவுலேந்து ஓரத்துக்கு, நேரா."

"பரவால்லியே, இது தெரிஞ்சிருக்குது" என்று அப்படியே துடைத்தார்.

குங்குமம் மட்டும் இளஞ்சிவப்பாக ஓரிடத்தில் தங்கிவிட்டது. சிடியை உள்ளே தள்ளினேன். சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. நீலப் பட்டை நகர ஆரம்பித்தபோது மணி ஒன்று பத்து. முக்கால் வழியில் ஐந்து நிமிஷம் அசையாமல் நின்றது. அக்கா டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. பட்டை நகர்ந்து முடிந்ததும் ரீஸ்டோரை அழுத்தினேன். மணற்கடிகாரம் வந்தது, அதன் பின்னால் ஜன்னலும் வந்தது.

உள்ளே ஒரு நாட்காட்டி. சில தேதிகள் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தன. எந்தத் தேதி என்று எனக்குத் தெரியும். சொன்னால் காரணமும் சொல்ல வேண்டும். அக்கா கேட்காமலேயே நோட்டைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

'சனி 5.40. வரிசை 1418 முடிந்தது.' அதன் கீழே: 'சனி 6.10. தம்பி புத்தகத்தோடு வந்த சிடி போட்டார்.'

மெஷினை வேகப்படுத்தும் என்று அந்தக் கம்ப்யூட்டர் புத்தகத்தின் மேலட்டையில் அச்சடித்திருந்தார்கள். வேண்டாத கோப்புகளை நீக்கவா என்று அது கேட்டது. வேண்டாதது எது என்று பார்க்காமல் 'ஆம்' என்று அழுத்தியவன் நான்.

"அதுக்கு முந்தினத எடு. வெள்ளிக்கெழம" என்றார் அக்கா. பிறகு குரல் தாழ்ந்தது. "மெஷினு வெள்ளிக்கெழமைக்கு போனா, சனிக்கெழம நான் போட்டதும் போயிடுமா? எரநூத்திப் பன்னெண்டு வரிசை இருக்குதுபா."

"நாம வரைஞ்சத அது தொடாதுக்கா. அப்படித்தான் படிச்சிருக்கேன்."

"படிச்சிருக்கியா, பாத்திருக்கியா?"

"பார்த்ததில்லக்கா."

அவர் திரையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஐம்பது.

"போடு" என்றார்.

திரை இருண்டது. மெஷின் அணைந்து மறுபடி எழுந்தது. அந்தப் பத்து நிமிஷமும் வேலையை விட்டுக் கூரத்துக்கே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். டிசைன் மென்பொருள் திறந்தது. அக்கா என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். நாரைகளைப் பார்க்கவில்லை, நேராகக் கடைசி வரிசைக்குப் போனார். ஆயிரத்து நானூற்றுப் பதினெட்டு. நோட்டோடு ஒப்பிட்டார். அப்புறம்தான் மூச்சு விட்டார்.

"இப்ப பாத்துட்ட இல்ல?" என்றார்.

இரண்டே முக்காலுக்குத் தாவீது வந்துவிட்டார். முதலாளி வெளியே வந்த சிடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பூஜை போட்டது. கைவிடுமா?" என்றார். அக்கா முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"சனிக்கிழமை கை வச்சது நாந்தாங்க" என்றேன். குரல் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

தாவீது திரும்பிப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார், நாரைகளைப் பார்த்தார். "காலையிலயே சொல்றதுக்கு என்னாபா? நாலு மணி நேரம் எனக்கு நெஞ்சு அடிச்சிக்கினு இருந்திச்சு" என்று திட்டிவிட்டு, டிசைனை வாங்கிக்கொண்ட தாவீதோடு வெளியே போனார்.

"நீங்க ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா அப்பவே உன்ன வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு. அப்புறம் யாரு இத தொறக்கறது?" என்றபடி டிபன் டப்பாவைத் திறந்தார். தயிர்சாதம் புளித்திருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, நோட்டை எடுத்து அன்றைய தேதியில் எழுதினார்: '2.05. வந்துவிட்டது.' கீழே பென்சிலால் ஒரு கோடு.